வீசிய கன்றுகள்

இண்டூருக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில், 2023 ஐப்பசி முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு ஏரிக்கரை ஆலமரம் கன்றுக்குரலில் கத்தியது. தக்காளி விலை சரிந்திருந்த வாரம் அது. ஊருக்கு வேறு கவலை இருந்தது.

மாடு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து அந்த மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பால்மரத்தில் கட்டினால் மடியில் பால் பெருகும் என்று நம்பிக்கை. நாள் நிறையாமல் கன்று செத்து விழுந்தால் மாடு 'கன்று வீசிவிட்டது' என்பார்கள். வீசியது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. பால் ஆசை யாரை விட்டது, வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையும் அங்கேதான் கட்டினார்கள்.

எந்தெந்த வீட்டில் மாடு கன்று வீசியது என்று கால்நடை மருத்துவர் கவிப்பிரியா வந்து விசாரித்தபோது மூன்று வீடுகள்தான் ஒப்புக்கொண்டன. அதில் ஒன்று அமுதவல்லியின் வீடு. மற்றவர்கள் மாடு விலைபோகாது என்ற பயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். "எங்க வூட்ல அப்படியொண்ணும் இல்லீங்க டாக்டரம்மா" என்று நஞ்சப்பன் சத்தியமே செய்தார். மணி ஐந்தானது. மரம் மறுபடியும் ஒவ்வொரு குரலாகக் கத்த, ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு மாடு பதில் கத்தியது. நஞ்சப்பனின் மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. கவிப்பிரியா பதில் சொன்ன மாடுகளை எண்ணினார், பதினொன்று. ஒவ்வொன்றிலும் ரத்தமும் பாலும் எடுத்தார். சாயம் கலந்து வைத்த பாலில், பதினொரு குழாயிலும் ஏடு நீல வளையமாகத் திரண்டது. ரத்தமும் அதையே சொன்னது. கண்ணேறு இல்லை, கன்றை வீசவைப்பது புரூசெல்லா என்ற கிருமி, தொட்டால் மனிதருக்கும் தொற்றும் என்றார்.

அன்றைக்குப் பன்னிரண்டாவதாகவும் ஒரு குரல் கேட்டது. அது கன்றின் குரல் இல்லை. எந்த மாடும் பதில் சொல்லவில்லை. கூட்டத்தில் நின்ற அமுதவல்லியின் ரவிக்கை பாலில் நனைந்தது. ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை, விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்குப் பிறகு, ஐந்தாம் மாதத்தில் கலைந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"உங்க மாடு வீசினப்ப நஞ்சுக்கொடிய யாருங்க எடுத்தது?" என்று கேட்டார் கவிப்பிரியா.

"நான்தாங்க. வெறுங்கையாலதான் உருவிப் போட்டேன்." அமுதவல்லி தன் கைகளைப் பார்த்தாள். "அப்ப எம்புள்ளையையும் நானே வீசிட்டேனாங்க?"

தெரியாமல் நடந்தது என்று கவிப்பிரியா எவ்வளவோ சொன்னார். தருமபுரியில் சோதித்தபோது அவளுடைய ரத்தமும் மாடுகளின் ரத்தம் சொன்னதையே சொன்னது. பாவம், அவள் யாரைக் கோபித்துக்கொள்வாள்? மாத்திரையில் காய்ச்சல் தீர்ந்தது. வேறெதுவும் தீரவில்லை.

இப்போது கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கிறார்கள். கிடேரிக் கன்றுகளுக்கு ஊசி போடுகிறார்கள். பாலைப் பொங்கவிட்டுத்தான் குடிக்கிறார்கள். மரத்தில் புதிதாக எதுவும் தொங்குவதில்லை, அதனால் யார் வீட்டிலும் பால் குறைந்துவிடவுமில்லை. பழைய குரல்கள் மட்டும் ஐந்து மணிக்குக் கேட்கின்றன. மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது என்று ஊர் அதை வைத்துத்தான் கிளம்புகிறது. பதினொரு மாடுகளும் பதில் கத்தி முடிக்கும்வரை அமுதவல்லி வாசலில் காத்திருக்கிறாள். பிறகு பன்னிரண்டாவது குரல் கேட்டதும், "இங்கதான் இருக்கேன் சாமி" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு பால் கறக்கப் போகிறாள்.