காயாத கதவு

பெயிண்டருக்கு விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு வருவார், தெருவைப் பார்ப்பார், உள்ளே போய் அம்மாவின் அறையை எட்டிப் பார்ப்பார், திரும்ப வாசலுக்கே வருவார். முட்டையிட இடம் தேடுகிற கோழிகூட இப்படி அலையாது.

வரப்போவது அவருடைய அண்ணன். நாடே தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற தலைவர். தெருச் சுவர்களிலெல்லாம் அவர் முகம். தேர்தல் முடிந்ததும் அந்த முகத்தின்மேல் வெள்ளை அடிக்கிற கூலிவேலை தம்பிக்கு. அதைச் சொல்லி இருவரும் போனில் சிரித்ததுண்டு. நேரில் சிரித்து வருஷக்கணக்காகிவிட்டது.

தலைவரின் செயலாளர் முந்தின நாளே வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் ஒரு போட்டோ, தெருவுக்கு ஒரு கும்பிடு, உடனே கார். அவ்வளவுதான் என்றார்.

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்கய்யா. அண்ணன் ஒரு வாட்டி உள்ள வந்து பாத்துட்டுப் போகட்டுமே."

"பாதுகாப்புக்காரங்க விடமாட்டாங்கப்பா. வேணும்னா அம்மாவை வாசலுக்குத் தூக்கிட்டு வாங்க. போட்டோவும் நல்லா வரும்."

 தூக்கினால் அம்மா வலியில் துடித்துப்போவாள். டாக்டர் கையை விரித்தாயிற்று. அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: பெரியவன் வந்தானா?

இன்றைக்கு விட்டால் பிறகு கிடையாது. அந்த நினைப்பில்தான் கை நிற்கவில்லை. வாசல் கதவுக்கு நேற்றே பச்சை எனாமல் பெயிண்ட் அடித்தாயிற்று. காலையில் ஒரு மூலை வெளிறினாற்போல் பட்டது. டப்பாவைத் திறந்து அந்த மூலையை மட்டும் தொட்டார். இப்போது பக்கத்து இடம் மங்கலாகத் தெரிந்தது. அதையும் இழுத்தார். இப்படியே கதவு, நிலை எல்லாவற்றுக்கும் இன்னொரு கோட்டிங் ஆகிவிட்டது.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க கையைக் கட்டித்தான் போடணும். ஆள் வர்ற நேரத்துல ஈரக் கதவு! இது எப்பங்க காயும்?"

"ஒரு விசிறி எடுத்துட்டு வந்து விசிறு."

"யாருக்கு? கதவுக்கா, உங்களுக்கா?"

விசிற நேரமில்லை. கார்கள் வந்து தெருவை அடைத்தன. அண்ணன் இறங்கினார். கூட்டம் தம்பியை எதிர்ச்சுவரோடு சேர்த்து ஒதுக்கிவிட்டது. "அண்ணே, கதவு!" என்று கத்தினார். அந்தக் கோஷத்தில் யார் காதில் விழும்? போட்டோக்காரர், "கொஞ்சம் பின்னாடி தலைவரே" என்றார். தலைவர் பின்னால் நகர்ந்து கதவில் சாய்ந்து நின்றார்.

வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கப் பச்சை.

செயலாளருக்கு முகம் செத்துவிட்டது. அடுத்து மேடை இருக்கிறது. மாற்றுச் சட்டை வைத்திருந்த காரோ எங்கேயோ பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. பெயிண்டர் முண்டியடித்து வந்து அண்ணன் கையைப் பிடித்தார்.

"உள்ள என் சட்டை இருக்குண்ணே. வாங்க."

பாதுகாப்புக்காரர் குறுக்கே விழுந்தார். "விடுப்பா, என் தம்பி" என்றார் தலைவர்.

சட்டைகள் தொங்கியது அம்மாவின் அறையில்தான். கட்டிலைப் பார்த்ததும் தலைவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா இவ்வளவு சின்ன உருவமாகியிருப்பாள் என்று அவர் நினைக்கவில்லை. தம்பி நீட்டிய சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலருகே போனார். பார்வை போய்விட்ட அம்மா கையை நீட்டித் துழாவினாள். எத்தனை துவைத்தாலும் பெயிண்ட் போகாத முரட்டுத் துணி கையில் அகப்பட்டது.

"சின்னவனே, உங்கண்ணன் வந்துட்டானாடா?"

மைதானம் மைதானமாகப் பேசிய தலைவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். சொல்லுங்க என்பதுபோல் தம்பி தலையை மட்டும் அசைத்தார்.

"வந்துட்டான்மா" என்றார் தலைவர்.

"அப்போ அவனை இங்க உட்கார வை. நீ வெளிய நில்லு. எவனாவது வந்து கூட்டிட்டுப் போயிடப் போறான்."

தலைவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். பெயிண்டர் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினார்.

செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டியபடி நின்றிருந்தார். "ஒரு சட்டை மாத்த இவ்வளவு நேரமா?"

"கூலிக்காரன் சட்டைங்கய்யா. பட்டன் லேசுல மாட்டாது."

சொல்லிவிட்டுப் பெயிண்டர் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டார். கால்கள்தாம் நின்ற இடத்தில் நிற்காமல் தவித்துக்கொண்டிருந்தன.