எடைமேடையில் ஒரு வீடு

வீட்டை விற்றுவிட்டு, ஊர் ஊராகப் போகும் வீட்டு வண்டியிலேயே குடியிருப்பது என்று முடிவான அன்றைக்கே ஹார்லன் குளியலறையில் இருந்த எடை பார்க்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை நடுவில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஐந்து மாதம் அதில் ஏறி இறங்காமல் எந்தச் சாமானும் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? முப்பத்தாறு வருஷம் ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடை அவர் பொறுப்பில் இருந்தது. நெப்ராஸ்காவின் அந்த மூலையில் விளைந்த மக்காச்சோளம் அத்தனையும் அவர் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் லாரியோடு நின்று, எடை காட்டிவிட்டுத்தான் போகும். டெல்மர் என்ற விவசாயி ஒரு தடவை தன் குண்டு மச்சானை லாரி சீட்டில் படுக்க வைத்து எடை போட்டுவிட்டு, சோளத்தைக் கொட்டிவிட்டு வெறும் லாரியை எடை போடும்போது மச்சானை இறக்கிவிட்டுப் பார்த்தார். மச்சான் எடைக்கும் சேர்த்துச் சோளக் காசு வாங்கிவிடலாம் என்ற திட்டம். ஹார்லன் கூண்டிலிருந்து இறங்கிப் போய், ஜன்னலைத் தட்டி, "மச்சான் என்ன ரகம், மஞ்சளா வெள்ளையா?" என்று கேட்டார். இந்தக் கதையை அவர் ஊரில் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லியிருக்கிறார். டெல்மர் மகள் கல்யாணத்திலும் சொன்னார்.

வாங்கிய வண்டி நடுத்தரமானதுதான். பின்னால் ஒரு கட்டில், நடுவில் அடுப்பும் சாப்பாட்டு மேஜையும், ஒருவர் உள்ளே போனால் திரும்புவதற்கு யோசிக்க வேண்டிய கழிப்பறை. டிரைவர் கதவுப் பக்கம் ஒரு தகடு. வண்டி, தண்ணீர், பெட்ரோல், சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்து ஐந்நூறு பவுண்டு, அதற்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஹார்லன் அந்தத் தகட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஆளுக்கு நானூறு பவுண்டு சாமான் என்று விதி போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு பட்டியல் ஒட்டினார். இடது பக்கம் மனைவி நோரீன், வலது பக்கம் அவர்.

நோரீனின் பட்டியல்தான் சீக்கிரம் நிரம்பியது. நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளின் சாமான் அப்படித்தான் இருக்கும். மாவு பிசையும் மிஷின், இருபத்தாறு பவுண்டு. அது பாதிரியார் மனைவிக்குப் போயிற்று. ஊறுகாய் ஜாடிகள் போயின. பதினொரு போட்டோ ஆல்பத்தில் ஒன்று மிஞ்சியது. கடைசியில் தன் வாத்தியத்தை, அக்கார்டியனை, எடை மிஷின் மேல் வைத்தாள்.

"இருபத்தினாலு" என்றார் ஹார்லன்.

"இருபத்தினாலுதானே."

"எல்லாமே 'தானே'தான் நோரீன். இருபது 'தானே' சேர்ந்தா டயர் வெடிக்கும்."

"கட்டில்ல நமக்கு நடுவுல போட்டுக்கறேன்."

"எங்க போட்டாலும் எடை எடைதான்."

அவர் முதன்முதலில் நோரீனைப் பார்த்ததே அந்த அக்கார்டியனோடுதான். சர்ச் மண்டபத்தில் சனிக்கிழமை நடனம். மேடையில் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். ஆடத் தெரியாத ஹார்லன் கீழே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்தும் பட்டியலில் கோடு போட்டார். சாமான்களை வாசலில் பரப்பி விற்ற சனிக்கிழமையன்று, முன்னறையில் அழகுக்கு வைக்கலாம் என்று டெல்மர் மனைவி அதை வாங்கிக்கொண்டு போனாள். நோரீனே கார் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, மத்தியானம் முழுக்கக் கரண்டிகளைத் துடைத்தாள். அவை ஏற்கெனவே துடைத்த கரண்டிகள்.

இனி, சொல்லக் கூசும் பகுதி.

ஹார்லன் ஓய்வு பெற்ற அன்று கிடங்கில் கேக் வெட்டி, ஒரு பரிசும் கொடுத்தார்கள். மேடை சரியாக எடை காட்டுகிறதா என்று சோதிக்க அந்தக் காலத்தில் வைத்திருந்த நாலு இரும்பு எடைக்கற்கள். ஒவ்வொன்றும் ஐம்பது பவுண்டு. வெள்ளிப் பூச்சு அடித்து, கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். "அதை என்ன பண்ணப் போறே?" என்று நோரீன் கேட்டபோது, "மியூசியத்துக்குக் கொடுத்துட்டேன்" என்றார். கண் கொட்டாமல் சொன்னார். நாலும் அப்போது வண்டிக் கட்டிலுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவருடைய குளிர்காலக் கால்சட்டைகளுக்குள் சுருண்டு படுத்திருந்தன. வலது பக்கப் பட்டியலில் அவை ஏறவில்லை.

எதற்கு அவை? காற்றடித்தால் வண்டியின் பக்கக் கூரைத் துணி பறக்கும், அதன் காலை அழுத்திப் பிடிக்க வேண்டுமே என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதற்கென்று முளை ஆணிகள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. உலகத்தில் எடையைத் தவிர வேறு எதற்கும் உதவாத பொருள் ஒன்று உண்டென்றால் அது எடைக்கல்தான். அதில் இருநூறு பவுண்டை ஒளித்து வைத்துக்கொண்டுதான் மனிதர் இருபத்தினாலு பவுண்டுக்கு நியாயம் பேசினார்.

வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவியைப் புதுக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். புதன்கிழமை, தண்ணீரும் பெட்ரோலும் முழுக்க நிரப்பி, எல்லாச் சாமானையும் ஏற்றி, வண்டியை எடை போடக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் நிற்கும் இடத்தில் ஒரு மேடை உண்டு. அங்கே ஈ காக்கைக்குத் தெரியாமல் போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஹார்லனுக்குத் தன் பழைய மேடைதான் வேண்டும். அதுவும் அக்டோபரில், அறுவடை நேரத்தில், பதினொரு சோள லாரி வரிசையில் நிற்கும்போது. தானே சுமை கணக்குப் பார்த்து ஏற்றிய வீடு இம்மி பிசகாமல் நிற்பதை ஊர் பார்க்க வேண்டாமா?

ஊர் பார்த்தது.

வண்டி மேடை மேல் ஏறி நின்றதும் வெளிப்பலகையில் சிவப்பு எண்கள் ஓடி, நின்றன. 14,640.

கூண்டில் இப்போது ஹார்லன் இடத்தில் இருப்பவள் கெண்ட்ரா. ஒலிபெருக்கியில் தயங்கிப் பேசினாள். "ஹார்லன், நூத்தி நாப்பது கூட இருக்கு."

"இருக்காதும்மா. மறுபடி பாரு."

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

அந்தக் கணமே அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டியின் வெற்று எடை என்று தொழிற்சாலை காகிதத்தில் போட்டிருந்ததை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டிருந்தார். பக்கக் கூரையும் உபரிச் சக்கரமும் அதில் சேர்த்தி இல்லை. மேடைக்காரன் காகிதத்தை நம்பினான். நம்பியதோடு நிற்காமல், மிச்சம் இருப்பதாக நினைத்த இடத்தில் இரும்பை வேறு ஏற்றினான்.

நோரீன் பலகையைப் பார்க்க இறங்கி, மேடைக்கு வெளியே போய் நின்றாள். எண்கள் ஓடின. 14,500.

பின் லாரியில் டெல்மர் தலையை வெளியே நீட்டினார். "பார்த்தியா, சரியா வந்துடுச்சு. நோரீனை விட்டுட்டுப் போப்பா, ஒரு பிரச்சினையும் இல்ல."

வரிசை முழுக்கச் சிரித்தது. நோரீனும் சிரித்தாள். அவள் எடை நூற்று நாற்பது என்பது இப்போது பதினொரு லாரிக்கும் தெரியும். காதோரம் சிவந்துவிட்டது. ஹார்லன் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவும் செய்தார்.

"சமையல் சாமான் கொஞ்சம் அதிகமாயிடுச்சோ என்னவோ" என்றார்.

சொன்ன வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. வந்தது அங்கிருந்துதான். நோரீன் உள்ளே ஏறி, இரும்பு வாணலியைக் கொண்டு வந்து புல்லில் வைத்தாள். அடுத்து இரண்டு ஜோடிக் காலணி. அடுத்து சின்ன அரிக்கேன் விளக்கு. ஒவ்வொன்றுக்கும் பலகையை அண்ணாந்து பார்த்தாள். எண் அசைந்தால்தானே; லாரி மேடை இருபது பவுண்டுக்குக் குறைந்ததைக் காட்டாது. அப்புறம், பதினொன்றில் மிஞ்சியிருந்த அந்த ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு படியில் நின்றாள்.

"இது ஒரு நாலு பவுண்டு இருக்குமா, ஹார்லன்?"

அவ்வளவுதான். அவர் டிரைவர் சீட்டை விட்டு எழுந்தார்.

"அதை உள்ள வை" என்றார். "நோரீன், அதைக் கொண்டுபோய் உள்ள வை."

கட்டில் பலகையைத் தூக்கினார். முதல் கல்லோடு அவர் படியிறங்கியபோது, சுற்றியிருந்த கால்சட்டை ஒரு கால் தொங்கித் தரையில் இழுபட்டது. இரண்டாவது கல், மூன்றாவது. நாலாவதையும் புல்லில் மற்றவற்றோடு இறக்கி வைத்தார். டெல்மர் கேலியாக ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நோரீன் குனிந்து கைப்பிடியிலிருந்த சிவப்பு நாடாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"மியூசியம்னு சொன்னே."

"சொன்னேன்."

"நாலுமா?"

"நாலும்."

அவள் தலையாட்டினாள். வாணலி, காலணி, விளக்கு எல்லாவற்றையும் நிதானமாக உள்ளே எடுத்து வைத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறினாள். கண்ணாடியைப் பார்த்து ஓட்ட வராது, பெரிய வண்டி என்று சொல்லி ஹார்லன் இதுவரை அவளிடம் சாவியைக் கொடுத்ததே இல்லை. நோரீன் இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.

வண்டி நூல் பிடித்த மாதிரி மேடையை விட்டு இறங்கி, கிடங்குக் களத்து வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, இடது பக்கம் திரும்பியது. வீடு வலது பக்கம்.

"அந்தப் பக்கம் ரோடு டெக்சஸுக்குத்தான் போகும்" என்றார் டெல்மர் மெதுவாக.

ஹார்லன் புல்லில் கிடந்த கல் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு, வண்டி நின்ற இடத்துக்கே வந்து சாலையைப் பார்த்தபடி நின்றார். அவரும் கிளம்ப வேண்டிய வீடு அது. பல் தேய்க்கும் பிரஷ்கூட அதற்குள்தான் இருந்தது. டெல்மரின் லாரி முன்னேறி மேடை மேல் நின்றது.

"ஹார்லன்" என்றது ஒலிபெருக்கி. கெண்ட்ராவின் குரல் கெஞ்சியது. "கொஞ்சம் ஓரமா வாங்களேன். நீங்க மேடை மேல நிக்கறீங்க. டெல்மர் கணக்குல இருநூத்தி நாப்பது கூடக் காட்டுது."

"நான் எதுவும் சொல்லலையே" என்றார் டெல்மர். "நிக்கட்டும் பாவம்."

களம் வெடித்துச் சிரித்தது. இந்தத் தடவை ஹார்லன் அதை முழுசாக வாங்கிக்கொண்டார். மேடையை விட்டு இறங்கினார். நாலு கல்லையும் ஒவ்வொன்றாகக் கூண்டுச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். நாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு லாரி நின்று வழிவிட்டது. கிழவன் சுமக்கிறானே என்று உதவிக்கு ஒருவர் இறங்கப் பார்த்தார். வேண்டாமென்று கையைக் காட்டினார். கடைசிக் கல்லின் மேல் உட்கார்ந்து கால்சட்டைகளை மடித்தார். பழக்கமில்லாத வேலை, கோணல் மாணலாக வந்தது.

பத்து லாரி எடை முடிந்து போன பிறகுதான் வெள்ளைக் கூரை ஒன்று சாலையில் தெரிந்தது. கடைசி லாரிக்காரர் பின்வாங்கி வழிவிட்டார். வண்டி ஒரே வீச்சில் மேடை மேல் ஏறி நடுவில் நின்றது. முன்சீட்டில், ஹார்லன் வழக்கமாக நோரீனை உட்கார வைக்கும் இடத்தில், அக்கார்டியன் உட்கார்ந்திருந்தது. பெல்ட் போட்டிருந்தது.

"ஏறு" என்றாள் நோரீன்.

அவர் முன்கதவின் பிடியில் கை வைத்தார்.

"அங்க ஆள் இருக்கு. பின்னால."

அவர் பின்னால் ஏறி, சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பதினாலாயிரத்து நானூத்தி அறுபது" என்றது ஒலிபெருக்கி. "நாப்பது பவுண்டு மிச்சம் இருக்கு, நோரீன். எடைச் சீட்டு யார் பேர்ல எழுத?"

"என் பேர்ல."

வலது பக்கம் திரும்பி, வீட்டை நோக்கிக் கொஞ்ச தூரம் போனார்கள். மன்னிப்பு என்று ஆரம்பித்து நாலைந்து வாக்கியம் ஹார்லன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். எல்லாமே கல்யாண மேடையில் கதை சொல்கிறவன் குரலில் வந்தன. கடைசியில் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"மாவு மிஷின் இருபத்தாறு."

கண்ணாடியில் நோரீனின் கண் அவரைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பள்ளிப் பேருந்தில் கடைசி வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண். அடுத்த முக்கில் வண்டியைத் திருப்பிப் பாதிரியார் வீட்டு வாசலில் நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை.

"நீயே போய்க் கேளு" என்றாள். "ஏன்னும் சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"அந்தம்மா ஏதாவது விட்டுப்போச்சான்னு என்கிட்ட கேப்பா."

ஹார்லன் இறங்கினார். படிகள் ஐந்து. கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்றாவது படியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். மணியை அழுத்தினார். பாதிரியார் மனைவி கதவைத் திறந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. பின்னால் சமையலறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க ஹார்லன்" என்றாள். "அக்கார்டியன் திரும்பிப் போச்சுன்னு இப்பதான் டெல்மர் பொண்டாட்டி போன் பண்ணினா. இந்த மாவு மட்டும் ஆயிடட்டும், எடுத்துத் தர்றேன். உள்ள வந்து உட்காருங்க, என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க."