மாப்பிள்ளையின் பின்னங்கால்

மூன்று வாரமாக மழை விட்டபாடில்லை. குதிரையேற்றப் பள்ளியின் வாசலில் கணுக்கால் புதையும் சேறு. அங்கிருந்த மூன்று குதிரைகளில் ஒன்றுக்கு மட்டும் சேற்றுப்புண் வந்தது. நான்கு காலும் வெள்ளையாக இருந்த குதிரை அது. எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொண்டு நிற்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

பள்ளியை நடத்தியவள் அதன் கால்களைத் தினமும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். காலைத் தொட்டாலே மாப்பிள்ளைக்குப் பிடிக்காது. அது உதைக்கும், அவள் விலகுவாள், மறுபடி குனிவாள். குதிரையிலிருந்து ஒருமுறைகூட விழாத அவள், ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

மாவுக்கட்டோடு வந்து கணவனிடம் சொன்னாள். "இனி நீங்கதான் மருந்து போடணும்."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

அவன் தையல்காரன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் லாயத்துக்கு அவன் வந்ததெல்லாம் அவளுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்கத்தான். அதுவும் கதவோடு சரி.

முதல் நாள் அவள் கதவருகில் நின்று சொல்லச் சொல்ல, அவன் வாளியோடு உள்ளே போனான். தோளைத் தடவினான், குதிரை சும்மா நின்றது. முதுகு, தொடை என்று கையை நகர்த்தினான். முழங்காலுக்குக் கீழே விரல் பட்டதுதான் தாமதம், வாளி சுவரில் போய் மோதியது. அவன் வைக்கோலில் உட்கார்ந்திருந்தான். எப்போது உட்கார்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நல்லாத் தேய்ச்சுப் பொருக்கை எடுத்தாத்தான் மருந்து உள்ள இறங்கும்" என்றாள் அவள்.

அவளுடைய தம்பி மருந்துக்கடை வைத்திருப்பவன். சாயங்காலம் அக்காவைப் பார்க்க வந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "கழுவவே கூடாது மாமா. ஈரம் பட்டா புண்ணு எப்படி ஆறும்? களிம்பை மட்டும் தடவுங்க."

"நீ மனுஷனுக்கு மருந்து விக்கிறவன்டா" என்றாள் அக்கா.

"தோலு எல்லாருக்கும் தோலுதான்க்கா."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கழுவுவதா, வேண்டாமா? அவனுக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: எதைச் செய்வதானாலும் அந்தக் காலைத் தொட்டாக வேண்டும். தொட அவனுக்குப் பயம்.

பயந்தவனுக்குத் தூரம்தான் தெம்பு. பழைய கோட்டின் கை ஒன்றை வெட்டி, அதில் கத்தரித்த துண்டுத் துணிகளை அடைத்து, முனையில் ஒரு கையுறையைத் தைத்து, துடைப்பக் கட்டையில் மாட்டினான். மறுநாள் அந்தப் பொம்மைக் கையால் எட்ட நின்றே தோளிலிருந்து மெல்லக் கீழே இறக்கினான். குதிரை காலை உதறும்போது கட்டையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தான். கால் அசையாமல் நின்ற நொடியில் எடுத்துவிட்டான். அப்படிச் செய்ய யாரும் அவனுக்குச் சொல்லவில்லை; உதறும்போது எடுத்தால் உதைத்தே காரியம் சாதிக்கப் பழகிவிடும் என்று தோன்றியது, அவ்வளவுதான். நான்காம் நாள் கட்டை குளம்புவரை போயிற்று. ஐந்தாம் நாள் அவனுடைய சொந்தக் கையே போயிற்று.

அவள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று கால்நடை மருத்துவர் வந்தார். தம்பியும் வந்திருந்தான். காலைப் பார்த்துவிட்டு, அங்கங்கே முடியைக் கத்தரித்தார்.

"இன்னிக்கு ஒரு தடவை மருந்துத் தண்ணியில ஊற வச்சுக் கழுவுங்க. தானா கழண்டு வர்ற பொருக்கை மட்டும் எடுங்க, பிய்க்காதீங்க. அப்புறம் துளி ஈரம் இல்லாம ஒத்தி எடுத்துட்டுக் களிம்பு. தினமும் கழுவ வேண்டாம். சேத்துல மட்டும் விட்டுடாதீங்க."

"அப்ப நான் சொன்னது சரிதானே டாக்டரம்மா?" என்றாள் அவள்.

"பாதி சரி."

"நான் சொன்னது?" என்றான் தம்பி.

"அதுவும் பாதி."

இரண்டு பாதியும் சேர்ந்தால் முழுசாகுமா என்று தையல்காரன் கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

அவள் வேறொன்று கேட்டாள். "ஆறு வருஷமா நான் வளர்க்கிறேன். என்னை உதைக்குது. இவருக்கு மட்டும் ஏன் நிக்குது?"

மருத்துவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க கை வந்தா வலியும் வரும்னு அது நினைச்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

அவள் முகம் சுண்டிப்போனது. அன்று இரவு வீட்டில் அவன் அவளுடைய சட்டையின் வலது கையைப் பிரித்து, மாவுக்கட்டு நுழையும்படி அகலப்படுத்தித் தைத்துக் கொடுத்தான். அவள் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றாள். கோபமா, வருத்தமா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை.

பதினெட்டு நாளில் பொருக்கெல்லாம் உதிர்ந்து, பூனைமயிர் போல வெள்ளை முடி முளைத்தது. இனி களிம்பு வேண்டாம் என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அவன் வெறுங்கையோடு உள்ளே போய், வழக்கம்போல் தோளில் தொடங்கிப் பின்னங்காலைத் தடவினான்.

மாப்பிள்ளை உதைத்தது. சரியாக அவன் தொடையில்.

அவள் ஓடிவந்து அவனை வெளியே இழுத்து, ஈரத்துண்டை இடது கையால் தொடையில் அழுத்தினாள். குளம்பு அளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை.

"புண்ணு இருந்தப்ப நின்னுச்சு. இப்ப வலியே இல்ல. இப்ப ஏன் உதைக்குது?" என்றான் அவன். "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியலீங்க" என்றாள். "ஆறு வருஷமா நானும் இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."