பட்டியலில் இல்லாத சொல்

சமையலறை மேடையில் மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்த போனைச் சுற்றி நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "குடும்பத் தலைவர் பேசவும்" என்றது போனுக்குள் இருந்த பெண் குரல். குடும்பத் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முக்கிப் பார்த்ததில் கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஏதோ ஒன்று வெளியே வந்தது.

"மன்னிக்கவும். இது தலைவரின் குரல் இல்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன" என்றது போன்.

காஜாக்கா போனின் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தாள். சட்டை தைக்கும் கம்பெனியில் எட்டு வருஷமாகக் காஜா எடுப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஒரு நாளைக்கு நானூறு பொத்தான் துளை அவள் கைக்குச் சாதாரணம். அப்படிப்பட்டவள் ஒரு கார்டில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாமல் நின்றாள்.

அது அரசாங்கத்தின் உணவு உதவிக் கார்டு. மாதம் பிறந்தால் அதில் புள்ளிகள் ஏறும். கடையில் பால்மாவும் எண்ணெயும் வாங்க வாங்க இறங்கும். மீதியைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, போன் போட்டு, "நான் குடும்பத் தலைவர்" என்று சொல்வது. பேசுவது தலைவர்தான் என்று இயந்திரம் நம்பினால் கணக்கைச் சொல்லும். மூன்று தடவை நம்பாவிட்டால் அந்த மாதம் முழுக்க வாயே திறக்காது.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை அவர் தலைவர். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் போன பிறகு, துக்கம் கேட்க ஒரு பையோடு வந்த கொழுந்தன், பையை ஆணியில் மாட்டியவன்தான், திரும்ப எடுக்கவில்லை. வீட்டில் வயது வந்த ஆண் ஒருவர் இருந்தால் அவரே தலைவர் என்று விதி இருந்ததால், கார்டு அலுவலகம் இருபத்து நான்கு வயது கொழுந்தனின் குரலைப் பதிவு செய்துகொண்டது. வாடகை அவள் கொடுத்தாள், சமையல் அவள் செய்தாள், இரண்டு பெண்களின் பள்ளிக்கூடத்துக்கும் அவளே ஓடினாள். தலைவர் மட்டும் அவன். வீட்டுக்கு ஒரு ஆம்பளை வேண்டாமா என்று சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். அந்த ஆம்பளை வேலை தேடிக்கொண்டிருந்தார். வேலையும் எங்கேயோ அவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கலாம், இரண்டும் சந்திக்கவே இல்லை.

பதவி வந்ததும் ஆள் மாறிப்போனார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். சின்னப் பெண் கேலியாக "தலைவர்" என்று கூப்பிட, அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். மீதி எவ்வளவு என்று அண்ணி கேட்டால், போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவார். வெளியே வந்து, "போதுமான அளவு இருக்கு அண்ணி" என்பார். எவ்வளவு என்று மறுபடி கேட்டால் போதுமான அளவுதான் என்பார். கணக்கெல்லாம் பெண்களுக்கு எதற்கு, தலைவலி என்று கூடவே ஒரு அக்கறையும் காட்டுவார்.

போன மாதம் அந்தப் போதுமான அளவை நம்பித்தான் அவள் கடைக்குப் போனாள். கார்டைத் தேய்த்த கடைக்காரர், புள்ளி பத்தவில்லை என்று மைக்கில் அறிவித்தார். பால்மாவு டின் ஒன்று கவுண்டரில் இருந்து திரும்பிப் போவதை வரிசை முழுக்கப் பார்த்தது. பின்னால் நின்றது பெரியவளோடு படிக்கும் பெண்ணின் அம்மா. பெரியவள் அன்று அம்மாவுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள், இரண்டு நாள் பேசவில்லை. இனி எண்ணிக்கை தெரியாமல் அந்த வரிசையில் கால் வைக்க மாட்டேன் என்று காஜாக்கா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இன்று தேதி இருபத்தெட்டு. காலையில் பால்மாவு டின்னைச் சுரண்டிய சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

தலைவரோ, சனிக்கிழமை தெருப் பையன்களின் பந்தாட்டப் போட்டியில் ஓரமாக நின்று கத்திக் கத்தியே அணியை ஜெயிக்கவைக்கப் பார்த்து, தொண்டையைத் தொலைத்துவிட்டு வந்திருந்தார். அணியும் தோற்றது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், தேன் நக்கினார், மிளகைக் கடித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார். குரல் வருவதாக இல்லை.

"அம்மா, நீயே சொல்லேன்" என்றாள் பெரியவள்.

காஜாக்காவுக்குப் பொய் வராது. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, "நான் குடும்பத் தலைவி" என்றாள்.

போன் சற்று நேரம் யோசித்தது. "மன்னிக்கவும். அந்தச் சொல் எங்கள் பட்டியலில் இல்லை. இன்னும் ஒரு வாய்ப்பு உள்ளது."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தலைவரும் சிரித்தார், டியூபில் காற்று இறங்குகிற சத்தத்தில். பிறகு, விடுங்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையால் ஜாடை காட்டினார். அது போதாதென்று பெரியவளின் நோட்டை இழுத்து, ஒரு பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தில் எழுதி அண்ணியின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். 'போதுமான அளவு இருக்கு.'

இரண்டு வருஷமாக விழுங்கி வைத்ததெல்லாம் காஜாக்காவின் தொண்டைக்கு ஏறி வந்தது. பஞ்சுத்தூள் அடைத்துக் கரகரத்துப்போன தொண்டை அது. அவள் போனிடம் பேசவில்லை, அந்த நோட்டுக்குப் பின்னால் இருந்த மூஞ்சியிடம்தான் பேசினாள்.

"யாருடா இந்த வீட்டுக்குத் தலைவர்? நான் குடும்பத் தலைவர்."

"வணக்கம் ஐயா. உங்கள் குரல் ஏற்கப்பட்டது" என்றது போன்.

நோட்டு கீழே விழுந்தது. போன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. "உங்கள் மீதி, அறுபத்து நான்கு புள்ளிகள். கடைசியாக வாங்கியவை: பெரிய குளிர்பானம், ஆறு. உருளைக்கிழங்கு வறுவல், பதினொரு பொட்டலம். பெரிய குளிர்பானம், இன்னும் நான்கு. வாங்கிய நாள், சனிக்கிழமை. இதை மறுபடியும் கேட்க நட்சத்திரக் குறியை அழுத்தவும்."

தலைவர் கூரையில் ஏதோ தேட ஆரம்பித்தார். சின்னவள் நட்சத்திரக் குறியை அழுத்தினாள்.

அறுபத்து நான்கில் ஐம்பது புள்ளிக்கு ஒரு பால்மாவு டின் வரும், எண்ணெய் வராது. அதைத் தெரிந்துகொண்டு போனதால் காஜாக்கா அன்று வரிசையில் நிமிர்ந்து நின்று ஒரே ஒரு டின் வாங்கி வந்தாள். மைக் அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

குளிர்பானம் வெளியானதைக்கூடத் தலைவர் தாங்கிக்கொண்டார். ஒரு பொம்பளையை இயந்திரம் ஐயா என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, விடிந்ததும் ஆள்மாறாட்டம் என்று மூன்று பக்கம் புகார் எழுதி எடுத்துக்கொண்டு கார்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். காஜாக்கா அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனாள்.

அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு மேஜையில் இருந்த குரல் பதியும் இயந்திரத்தைத் தலைவர் பக்கம் தள்ளி, சொல்லிக் காட்டச் சொன்னார். தலைவர் கிறீச்சிட்டார். இயந்திரம் மன்னிப்புக் கேட்டது. மறுபடி கிறீச்சிட்டார், மறுபடி மன்னிப்பு.

"சரி, நீங்க யாரு?" என்று கேட்டார் குமாஸ்தா, நிஜமாகவே தெரியாதவர் போல.

அடுத்து காஜாக்கா சொன்னாள். இடம் அலுவலகம் என்பதால் பணிவாகச் சொன்னாள். இயந்திரம் அவளிடமும் மன்னிப்புக் கேட்டது. குமாஸ்தா குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் அதட்டிச் சொல்லுங்கம்மா. அதட்டினாத்தான் அது தலைவர்னு நம்பும்" என்றார். அவள் அதட்டினாள். இயந்திரம் வணக்கம் சொன்னது.

கடைசியாக ஏற்கப்பட்ட குரலே தலைவர் குரல் என்பது விதி. குமாஸ்தா விதியைப் படித்துக்காட்டி, புதிய தாளை அச்சடித்து நீட்டினார். காஜாக்காவின் பெயருக்கு எதிரே 'குடும்பத் தலைவர், ஆண்' என்று இருந்தது. அதற்குக் கீழே கொழுந்தனின் பெயர். அதற்கு எதிரே 'மனைவி' என்று இருந்தது.

தலைவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். கத்துவதற்கு நல்ல சமயம், குரல்தான் இல்லை. தலைவர் என்று போட்டால் ஆண் என்று தானாக விழும், ஆண் என்று விழுந்தால் கூட இருப்பவர் மனைவி என்று தானாக விழும், கையால் மாற்ற வழியில்லை என்று குமாஸ்தா விளக்கினார். அப்புறம் தடுப்புக் கட்டையைத் தாண்டி இருந்த நாற்காலியைக் காஜாக்காவுக்குக் காட்டினார். அதன்மேல் 'குடும்பத் தலைவர்கள் மட்டும்' என்று பலகை தொங்கியது. இரண்டு வருஷம் அவள் கொழுந்தனைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டுக் கட்டைக்கு இந்தப் பக்கமே நின்றிருக்கிறாள். இன்றைக்குக் கொழுந்தனை இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். அவள் போய் உட்கார்ந்தாள்.

"பெண்ணுன்னு திருத்த மனு வேணா குடுங்க" என்றார் குமாஸ்தா. "ஆனா திருத்தினா, வீட்ல ஆண் இருக்காரேன்னு தலைவர் பதவி அவருக்கே போயிடும்."

காஜாக்கா தாளையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, எட்டு வருஷமாக உழைக்கிற கை. அதை இவர்கள் கண்ணுக்குத் தெரியவைக்க ஆம்பளையாக வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

"எங்கிட்ட தப்பு இல்லீங்க. உங்க பட்டியல்ல ஒரு சொல்லு குறையுது. அதச் சேத்துட்டுச் சொல்லி அனுப்புங்க, வந்து திருத்திக்கிறேன். அதுவரைக்கும் நான் ஆம்பளையாவே இருந்துட்டுப் போறேன்."

குமாஸ்தா கட்டைக்கு அப்பால் நின்றவரைக் கண்ணால் காட்டி, மனைவி விஷயம் என்ன செய்வது என்று கேட்டார்.

"நாளைலேருந்து வேலைக்குப் போவாங்க" என்றாள்.

குமாஸ்தா குறித்துக்கொண்டார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். மீதி எவ்வளவு என்று கேட்டாள் அவள். அவர் திரையைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "பதினாலு புள்ளி, ஐயா" என்றார். அங்கே யாரும் சிரிக்கவில்லை.