பல்வளையம்

மரமறுக்கும் இயந்திரத்தின் செயின் மறுபடியும் கழன்று விழுந்த ஓசை முற்றத்திலிருந்து கேட்டதும், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த மாமனார் கண்ணைத் திறவாமலே சிரித்தார். மருமகள் அவருடைய முதுகைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இருமல் வந்துவிடும்.

“கேட்டியாம்மா? பல்லு மேல ஏறி நின்னுச்சு, அப்புறம் வழுக்கிடுச்சு. செவிடனுக்கும் புரியுற சத்தம். வெளியே நிக்கிற மொன்னைக்குத்தான் புரியல.”

மொன்னை என்றது அவளுடைய கணவனை. அரம் பிடிக்கத் தெரியாமல் ஒரு செயினைப் பாழாக்கிய குற்றத்துக்காக, மீசை அரும்பாத வயதிலேயே தகப்பனார் அவனுக்குச் சூட்டிய பட்டம் அது. பெற்றவரே வைத்த பெயரை ஊர் விட்டுவிடுமா? மரத்தொழிலே வேண்டாமென்று வேன் ஓட்டப் போன பிறகும் ‘மொன்னை வேன்’ என்றுதான் வாடகைக்கு அழைத்தார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்ட அன்று, மகள் வந்ததும் வராததுமாக, “மொன்னைன்னா என்னம்மா? என்னை ஏன் மொன்னை பொண்ணுன்னு கூப்பிடுறாங்க?” என்று கேட்டாள். மருமகள் வாய் திறக்குமுன் கிழவர் முந்திக்கொண்டார்.

“வெட்டாத கத்திக்குப் பேரு மொன்னை, கண்ணு. உங்கப்பனை வச்சு வெண்ணெயக்கூட வெட்ட முடியாது.”

மறுநாளே குழந்தையைத் தன் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். அது ஒருவகையில் நல்லதாயிற்று. இந்தக் கூத்தையெல்லாம் அது பார்க்க வேண்டியதில்லை.

விடியுமுன் வீசிய காற்றில், வாசலுக்கு வெளியே நின்ற பெரிய மரம் வேரோடு சாய்ந்து பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். வேன் உள்ளே அகப்பட்டுக்கொண்டது. கிழவருக்கோ நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது. சென்ற முறை இப்படி ஆனபோது ஊசி போட்டு நீரை வடித்து, எழுப்பி உட்காரவைத்து அனுப்பினார்கள். இம்முறை ஆம்புலன்சுக்குப் பேசியபோது, வழியெல்லாம் மரங்கள் கிடக்கின்றன, மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தால் ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். அதன்பின் போனும் செத்துவிட்டது. மெயின் ரோடு நடந்துபோகிற தூரத்தில் இல்லை. பக்கத்தில் வேறு வீடும் இல்லை. படுக்கவைத்தால் திணறுகிற அந்தப் பாரியான உடம்பை இரண்டுபேர் சுமந்து செல்வதென்பது நடக்கிற காரியமும் இல்லை. மரத்தை அறுத்தால் வழி. வழி கிடைத்தால் உயிர். அறுக்க வேண்டிய இயந்திரம்தான் முரண்டு பிடித்தது.

அவள் தேநீர் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கணவன், செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடான பாரை அருகில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு, செயினின் அடிப்பற்களில் ஏற்பட்ட பிசிறுகளை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு ஒண்ணும் புரியல. பாரும் செயினும் ஒரே டப்பாவுல வந்தது. மெஷின் நம்பரைக் காட்டித்தான் வாங்கினேன். இந்தா பாரு, பாரோட காடியில செயின் பட்டுன்னு உக்காருது, ஒரு ஆட்டம் இல்ல. கண்ணியும் எண்ணிட்டேன், கணக்குச் சரியா இருக்கு. கையால இழுத்தா நகருது. ரேஸ் குடுத்தா ஏறிக்குது.”

“இந்த உள்பக்கத்துச் சக்கரம்?”

“ஸ்ப்ராக்கெட்டா? அதையும் பாத்துட்டேன். பல்லு ஒண்ணுகூடத் தேயல. புதுசு மாதிரி மினுங்குது. அதுல கோளாறு இல்ல.”

தேநீரைத் தொடாமல் எழுந்து, காலணியைக் கழற்றிவிட்டு, தகப்பனாரின் அறைவாசலில் போய் நின்றான். அந்த வாசலைத் தாண்டி அவன் உள்ளே போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

“அப்பா. செயின் நிக்கமாட்டேங்குது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

“தெரியலன்னு சொல்லு.”

“தெரியலப்பா.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லு. காது மந்தம்.”

“எனக்குத் தெரியலப்பா.”

கிழவர் அந்தச் சொற்களை வாயிலிட்டுச் சுவைப்பவர்போலத் தாடையை அசைத்தார். பிறகு, “பாரைப் புரட்டிப் போடு. மேல்பக்கம் கீழ வரட்டும்” என்றார்.

அவன் ஓடினான். புரட்டிப் போட்டான். இயந்திரம் உறுமியது, கடகடவென்று இரைந்தது, செயின் துள்ளி விழுந்தது. மீண்டும் வந்து நின்றான்.

“இறுக்கம் பத்தல. நல்லா இறுக்கு. பயந்தாங்கொள்ளி மாதிரி இறுக்காதே.”

இறுக்கினான். இந்த முறை செயின் கழன்றபோது கையுறையையும் கிழித்து விரல்முட்டிகளையும் கிழித்தது. அவன் கத்தவில்லை. கத்தியது அவள்தான். அறைக்குள்ளிருந்து இருமலும் சிரிப்பும் கலந்து வந்தன.

காயத்தைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு அவள் கட்டிலருகே திரும்பினாள்.

“மாமா, கோளாறு அது இல்லன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாமலா? நாப்பது வருஷமா அதுகூடத்தானே குடித்தனம் பண்ணினேன். உங்க அத்தையைவிட அதுகிட்டத்தான் அதிகம் பேசியிருக்கேன்.”

“அப்புறம் ஏன் அலையவிடுறீங்க? போகப்போறது உங்க உசுருதானே.”

“என் உசுரு எங்க போவுது? போன தடவையும் இப்படித்தான் இழுத்துச்சு. அவன் இன்னும் ரெண்டு தடவை வந்து நிக்கட்டும். பாக்க நல்லா இருக்கு.”

சொல்லி என்ன பயன்? செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஆனால் உடம்பு அவருடைய கணக்குக்குக் கட்டுப்படவில்லை. வெயில் ஜன்னல் விளிம்பைத் தொட்டபோது உதடுகள் கறுத்தன. மூச்சு கொதிக்கிற பானையைப்போலக் களகளத்தது. திடீரென்று அவளுடைய மணிக்கட்டைப் பற்றினார். முதன்முறையாக அந்தக் கண்களில் பயம் தெரிந்தது.

“இந்தாம்மா. ஸ்ப்ராக்கெட்டை நான்தான் மாத்தினேன்.”

அவள் குனிந்தாள். மூச்சு கிடைத்தபோதெல்லாம் துண்டுதுண்டாகச் சொன்னார். தம்மைக் கேட்காமல் மகன் ஒருநாள் இயந்திரத்தை எடுத்துப்போனான் என்ற கோபத்தில், உள்ளே இருந்த பல்வளையத்தைக் கழற்றிவிட்டு, பல் நெருக்கமான வேறொரு வளையத்தை மாட்டிவைத்தாராம். அதற்குத் தோதான பாரும் செயினும் அவரிடம் மட்டுமே இருந்தன. படுக்கையில் விழுந்தபோது அவற்றையும் ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மகன் எந்தக் கடையில் எதை வாங்கி வந்தாலும் அது இனி ஓடாது.

“பழைய வளையம் கட்டிலுக்கடியில பிஸ்கட் டப்பாவுல இருக்கு. கிளட்ச்சைக் கழட்டி மாட்டினாப் போதும். மறை தலைகீழ் மறை. வலப்பக்கமாச் சுத்தினாத்தான் கழலும். மொன்னை இடப்பக்கமாச் சுத்தி உடைச்சுத் தொலைப்பான், அதையும் சொல்லு.”

அவள் டப்பாவை இழுத்துத் திறந்தாள். தேய்ந்த அரங்களுக்கு நடுவே, எண்ணெய்த் துணியில் சுற்றிய சிறிய இரும்பு வளையம், உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அளவுக்கு. இதற்காகத்தானா என்று அவள் எண்ணினாள்.

“சீக்கிரம் போ. ஊருல கேட்டா, அப்பன் படுத்த படுக்கையிலேயே ரிப்பேர் பண்ணினான், மொன்னை கையக் கட்டிட்டு நின்னான்னு சொல்லு.” மூச்சு அறுந்தது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “பேத்திகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அவள் வளையத்தைப் பழையபடி துணியில் சுற்றினாள். மூடியை அழுத்தி மூடினாள். டப்பாவைக் கட்டிலுக்கடியில், கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள். அது சுவரில் போய் இடித்தது.

எல்லாவற்றையும் ஓசையாலேயே அறிகிற மனிதர் அவர். அந்த ஓசையையும் அறிந்துகொண்டார்.

“ஏம்மா” என்றார்.

“தண்ணி குடிக்கிறீங்களா மாமா?”

ஒரு வாய் புகட்டினாள். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் பதமாகத் துடைத்தாள். டம்ளரை அவர் கைக்கருகில் வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சார்த்தினாள்.

“ஏதாவது சொன்னாரா?” என்று கணவன் கேட்டான்.

“தண்ணி கேட்டார்.”

“நான் போய்க் கால்ல விழுந்து கேக்குறேன். வேற வழியில்ல.”

“இப்பத்தான் கண் அசந்தார். எழுப்பாதீங்க.”

அவன் சற்று நேரம் சார்த்திய கதவையே பார்த்தான். பிறகு கோடரியை எடுத்தான். அவள் அரிவாளால் கிளைகளைக் கழித்தாள். உள்ளே டம்ளர் உருண்டு விழுந்த ஓசை கேட்டது. அவன் கோடரியை ஓங்கியபடியே நின்றான்.

“காத்து” என்றாள் அவள். “ஜன்னல் திறந்திருக்கு. நீங்க வெட்டுங்க.”

அடிமரத்தின் பாதியைக்கூட அவர்கள் எட்டவில்லை. மாலையில் அவன் கை கழுவிவிட்டு உள்ளே போனான். நெடுநேரம் அங்கிருந்து சத்தமே வரவில்லை. பிறகு, “இந்தா, இங்க வாயேன்” என்று மிகவும் சாதாரணமாக அழைத்தான்.

மறுநாள் காலையில், வழிகளைத் திறந்துகொண்டே வந்த மரவெட்டிகள் தங்கள் இயந்திரத்தால் அந்த மரத்தை ஆற அமரப் பேசிக்கொண்டே அறுத்துத் தள்ளினார்கள். போட்டுக் கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் பாதை திறந்துவிட்டது. கணவன் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கடைசிவரைக்கும் அவர் சொன்னது சரியாப் போச்சு” என்றான் அவளிடம். “ஒரு செயினை மாட்டத் தெரியாமப் பெத்த அப்பனைக் கொன்னுட்டேன். மொன்னைன்னா மொன்னைதான்.”

அந்தப் பெயரை அவன் தன் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொல்லிவிடலாம், ஒரே வாக்கியம். சொன்னால் அவன் கொலைகாரனல்லன் என்றாகும். யார் என்பதும் தெரிந்துபோகும்.

மரவெட்டிகளுள் மூத்தவன், கணவனைத் திண்டாடவைத்த இயந்திரத்தைக் காலால் புரட்டினான். “என்ன கோளாறுண்ணே? கழட்டிப் பாக்கட்டுமா? சின்ன வேலையாத்தான் இருக்கும்.”

“பாருங்க” என்றான் கணவன்.

“வேணாம்” என்றாள் அவள். “பெரியவர் போயிருக்கார். இப்ப எதுக்கு அந்தப் பேச்சு.”

மரவெட்டி சங்கடத்தோடு கையை எடுத்துக்கொண்டான்.

ஊருக்குள் கொண்டுபோவதற்காக வேனின் பின்பக்கத்தில் அவரைக் கிடத்தினார்கள். உயிரோடிருந்தபோது படுக்க முடியாத அந்த உடம்பு இப்போது தட்டையாக, வசதியாகப் படுத்திருந்தது. கணவன் ஓட்டினான்; அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சக்கரங்கள் மரத்தூளின் மீது ஓசையின்றி ஏறி இறங்கின.

“கடைசியா உன்கிட்ட வேற எதுவும் கேக்கலையா?”

“இல்ல. தண்ணிதான்.”

“குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“அது போதும்” என்றான்.

மெயின் ரோடு வந்தது. இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டியும் இல்லை. அவன், கட்டுப்போட்ட கையால், திரும்புவதற்கான விளக்கைப் போட்டான்; நிறுத்தினான்; வலப்பக்கம் பார்த்தான்; இடப்பக்கம் பார்த்தான். விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. தன் கண்ணையே நம்பாதவன்போல அவன் இன்னும் ஒருமுறை வலப்பக்கம் பார்த்தான்.