சங்குக்கு விடுகிற இடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. என்னோடு வேலை செய்யும் வின்னிக்குக் கல்யாணம், பெங்களூரில் பெரிய கிறிஸ்தவக் கோயில். எனக்கு ஞானப்பாட்டும் தெரியாது, பைபிளும் தெரியாது. மதியச் சாப்பாட்டை நம்பிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டில் ஒரு வரி பாதி போய்க்கொண்டிருந்தபோது பெண் வீட்டார் அத்தனை பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். மணப்பெண் வின்னியும்தான். மாப்பிள்ளை வீட்டார் நிற்காமல் போய்விட்டார்கள். பெண் வீட்டார் மறுபடி ஆரம்பித்தபோது மற்றவர்கள் அடுத்த வரியில் இருந்தார்கள். பாட்டு முடிகிறவரை இரு தரப்பும், சம்பந்தம் பேசி முறித்துக்கொண்டவர்களைப் போல, ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

(பாட்டின் வரியைச் சொல்லிவிடுகிறேன்: 'பாறைக்குள் ஒளிந்தாலும் உம் கண்ணுக்கு மறைவேனோ.' இது நான் கட்டிய வரி. உண்மையான பாட்டைப் போட்டால் தெரிந்தவர்கள் மனதுக்குள் பாடிக்கொண்டே கதையை விட்டுவிடுவார்கள். 'ஒளிந்தாலும்' என்ற சொல்லுக்குப் பிறகு நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

வெளியே வந்ததும் அந்தக் கோயிலின் பாடகர் குழுத் தலைவர் மிகவும் மரியாதையாக, "இவங்களுக்கெல்லாம் யாரு பாட்டு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். மயில் நிறப் பட்டுப் புடவையில் இருந்த ஓர் அம்மா திரும்பினார்.

"நான்தான். ஏன், நல்லா இல்லியா?"

அவர்தான் அமலா டீச்சர். கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், கோயிலில் ஆர்மோனியம். பெண் வீட்டாரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள்.

2

ஆரம்பம், முதல் வரைவு: 'அமலா டீச்சர் தன் பழைய ஆர்மோனியத்தின் மேல் படிந்திருந்த தூசியை மெல்ல—'

அடித்துவிட்டேன். அவர் ஆர்மோனியத்தில் தூசி படிய விடுகிறவர் அல்ல.

இரண்டாவது வரைவு: 'இசைக்காகவே தன் வாழ்வை அர்ப்பணித்த—'

இது பிரிவுபசார விழா பேனரில் போடுவது. அவர் இன்னும் ஓய்வு பெறவே இல்லை. அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, வகுப்பறை. ஒருநாள் அனுமதி கேட்டுப் போய் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் கன்னடத்தில் மாநில கீதம், அடுத்த பீரியடில் ஆங்கிலப் பாட்டு, அதற்கடுத்து தமிழ். பிள்ளைகள் ஒரே வாயில் மூன்றையும் பாடுகிறார்கள். டீச்சர் சுருதியைப் பற்றிப் பேசுவதே இல்லை. "மொதல்ல மூச்சு எங்க எடுக்கப் போறீங்க, அத்த சொல்லுங்க. அப்பறம் பாடலாம்" என்கிறார். அபசுரமாகப் பாடுகிற பிள்ளையைப் பிற டீச்சர்கள் 'நீ சும்மா வாயை மட்டும் அசை' என்பார்கள். இவர் அந்தப் பிள்ளையைத் தன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக்கொள்கிறார். ஒரு பவ்யா அப்படி நின்றிருந்தாள். அவள் பாடியதைக் கேட்டு எனக்கே காது கூசியது. டீச்சர் அவள் பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டு தானும் பாடினார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அந்தக் குரல் எங்கே போயிற்று என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த வரைவை வைத்துக்கொள்கிறேன்.

3

கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏசுபாதம். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் கேஜில் வேலை பார்த்தவர். இப்போது பென்ஷனும் கோயில் பாடகர் குழுவும். அடித்தொண்டைக்காரர். ஏன் அந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா சார், தங்கவயல் பொண்ணோட வேல செஞ்சுக்கினு தெரியாதா? அது சங்குக்கு வுடுற எடம்."*

எதிர் வரிசையில் டீச்சர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா கீழ வேலைக்குப் போன ஒரு ஞாயித்துக்கெழம, நேரங்கெட்ட நேரத்துல சங்கு ஊதிச்சு. கோயில்ல இந்தப் பாட்டு போய்க்கினு இருந்துச்சாம். அத்தினி பேரும் அப்டியே நிறுத்திட்டாங்க. நேரங்கெட்டு ஊதினா இன்னா அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். எங்கப்பா மேல வர்ல. அதுலேந்து அந்த எடத்துல நிறுத்துறது வழக்கம்."

"நீங்க அப்ப கோயில்ல இருந்தீங்களா?"

"நான் கைக்கொழந்த சார். அம்மா என்னைத் தூக்கிக்கினு குடியாத்தத்துக்குப் போய்ட்டாங்க. வளந்து மைன்ஸ் வேலைக்குத் திரும்பி வந்தப்பதான் இப்டி ஒரு எடம் கீதுன்னே எனக்குத் தெரியும். இப்ப வாராவாரம் எங்கப்பாவுக்காக ஊரே நிக்குது. வேற இன்னா வேணும்?"

எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. இவ்வளவு நல்ல கதை சும்மா கிடைத்தால் எந்த எழுத்தாளனுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த வாரமே எழுதி முடித்தேன். அழகாக வந்திருந்தது. நீங்கள் அதைப் படிக்கப் போவதில்லை.

(* சங்கு: சுரங்கத்தில் ஷிப்டு மாறும்போது ஊதும் ஊதல். வெளியூர்க்காரர்களுக்குச் சங்கு என்றால் வேறு நினைப்பு வரும். அதனால் வந்த வம்பு அடுத்த பகுதியில்.)

4

டீச்சர் வாசிக்கும் தங்கவயல் கோயிலுக்குப் புதிதாக வந்த போதகர் டேவிட் வெளியூர்க்காரர், நல்ல மனிதர். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகைக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பாடகர் குழுவைக் கூப்பிட்டிருந்தார். கல்யாணத்தில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. பாட்டுப் பயிற்சிக்கு வந்து கேட்டார்.

"டீச்சர், பாட்டுப் புத்தகத்துல அந்த இடத்துல நிறுத்தம் எதுவும் இல்லையே?"

"இல்ல அய்யா."

"அப்ப நேரா வாசிச்சிடலாமே. வர்றவங்க முன்னாடி திரும்பவும் குழப்பம் வேண்டாம்."

ஏசுபாதம் எழுந்து நின்று, "அந்த எடத்துல வாசிக்கக் கூடாது, அங்க சங்குதான் அய்யா" என்றார். போதகருக்கு முகம் வெளுத்துவிட்டது. வந்து சில மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சங்கு ஊதிவிடுவோம் என்று மிரட்டுகிறார்களே என்று நினைத்திருக்கிறார். பிறகு ஏசுபாதம் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிறுத்தம் இருக்கட்டும், ஏன் நிறுத்துகிறோம் என்பதைப் பண்டிகையன்று டீச்சரே மைக்கில் எல்லோருக்கும் சொல்லட்டும் என்றார்.

பண்டிகை அன்று டீச்சர் மைக்கின் முன் நின்றார். முதல் வரிசையில் ஏசுபாதம் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பாட்டுல ஒரு எடத்துல நாங்க நிறுத்துவோம். வந்திருக்கிறவங்களும் எங்களோட நிறுத்துங்க" என்றார் டீச்சர். அவ்வளவுதான். போய் ஆர்மோனியத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு ஒழுங்காக நடந்தது. யாரும் மோதிக்கொள்ளவில்லை. ஆனால் ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது, ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை இடுப்பில் வைத்தபடி ஏசுபாதம் டீச்சரிடம் வந்தார்.

"எங்கப்பா பேரைச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் டீச்சர்."

அடுத்த வாரப் பாட்டுப் பயிற்சிக்கு ஏசுபாதம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடாமல் போனார். அத்தனை வருஷமாக ஒரு நாளும் பயிற்சியைத் தவறவிடாத மனிதர்.

5

நான் எழுதி முடித்த அழகான கதையை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனது அந்தச் சமயத்தில்தான். டீச்சர் பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அந்த சங்கு பொய்."

[இந்த இடத்தில் எழுத்தாளன் என்ன உணர்ந்தான் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். உங்களுக்கு வேண்டியது டீச்சர் சொன்னது.]

டீச்சர் சொன்னது இது. பழைய ஆர்மோனியக்காரர் மாற்றலாகிப் போன பிறகு, சின்னப் பெண்ணாக இருந்த இவரை உட்கார வைத்தார்கள். அது காலால் மிதித்து வாசிக்கிற பெட்டி. துருத்தியை எலி கடித்திருந்தது. நீளமான வரி வந்தால் பாதியில் காற்று தீர்ந்துவிடும். 'ஒளிந்தாலும்' வரைக்கும் வரும், அப்புறம் வராது. இவர் மிதித்துக் காற்றை நிரப்புகிறவரை சபை முழுவதும் காத்துக்கொண்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. சில வாரங்களில் அந்த இடத்தில் தாமாகவே நிறுத்தப் பழகிவிட்டார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து புதிதாக ஒரு வாலிபர் வந்து, ஏன் நிறுத்தினீர்கள் என்று கோயில்பிள்ளையைக் கேட்டார். கோயிலைத் திறந்து மூடி மணியடிக்கிற அந்தப் பெரியவருக்கு, கேட்பவர் யாருடைய மகன் என்று தெரியும். ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு வாசிக்க வரவில்லை என்று சொல்ல மனமில்லை. 'உங்கப்பாவுக்கு ஊதின சங்குக்கு வுடுற எடம்பா' என்று சொல்லிவிட்டார். ஒரு கல்லில் இரண்டு பேரைக் காப்பாற்றினார். கேட்ட வாலிபர் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரமே துருத்திக்குப் புதுத் தோல் போட்டாச்சு" என்றார் டீச்சர். "பெட்டியில காத்து நெறைய இருந்துச்சு. ஆர்மோனியத்துக்கு மேல ஒரு கண்ணாடி மாட்டியிருப்பாங்க, போதகர் அய்யா எப்ப எழுந்திருக்கிறார்னு பாக்க. அதுல பாத்தேன். அந்த வரி வர்றதுக்கு முன்னாடியே ஏசுபாதம் அண்ணன் கண்ணை மூடித் தலையைக் குனிஞ்சுக்கினு நிக்கிறாரு. காத்து இருந்துச்சு சார். நான்தான் கையை எடுத்துட்டேன்."

அன்றிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். கோயிலில் எடுத்தார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தார். வின்னி அதைப் பெங்களூர் வரை கொண்டுபோய்த் தன் கல்யாணத்திலேயே நிறுத்தினாள்.

"அப்ப மைக்குல ஏன் சொல்லல?"

"நான் பொய்யா வாசிச்சிருக்கேன். பொய் சொன்னதில்ல."

இந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் உண்மை தெரிந்ததும் ஏசுபாதம் கோயிலை விட்டே போய்விடுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் நேராக வாசிக்கிறார், சபை திணறுகிறது. கல்நெஞ்சக்காரன் எழுதியது போல இருந்தது.

இரண்டாவதில் ஏசுபாதம் சிரித்துக்கொண்டு, 'எனக்கு எப்பவோ தெரியும் டீச்சர்' என்கிறார். இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. இதுதான் முடிவு என்று துள்ளிக் குதித்து டீச்சருக்கு போனில் படித்துக் காட்டினேன்.

மூன்றாவதில் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. 'காலம் மெல்ல—' என்று தொடங்கி அங்கேயே விட்டுவிட்டேன்.

இரண்டாவது முடிவைக் கேட்டுவிட்டு டீச்சர் வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: "அவர் இன்னா சொல்லுவார்னு நீங்க எழுதிட்டீங்கன்னா, பாவம், அவர் அதைத்தான் சொல்லியாகணும். அந்தக் காலத்துல கோயில்பிள்ளை அவருக்காகச் சொன்னாரு, இப்ப நீங்களா? முடிவை எடுத்துடுங்க. மீதியை எழுதிக் குடுங்க. நான் போய் அவருக்குப் படிச்சுக் காட்டுறேன்."

"அவர் உங்ககிட்ட பேசாமலே போயிட்டா?"

"போகட்டும். அது அவர் எடம். ஆனா என் வாயால கேட்டுட்டுப் போகட்டும்."

எழுத்தாளனுக்குத் தன் கதையை எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசை இருக்கும். இந்த ஒரு மனிதர் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நான் இரண்டு நாள் நினைத்தேன். பிறகு எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டு எழுதிக் கொடுத்தேன்.

7

ஆகவே வாசகரே, இது உங்களுக்காக எழுதியதுதான் என்றாலும் நீங்கள் இரண்டாவது ஆள். முதல் ஆள் தங்கவயல் மாரிகுப்பத்தில் தன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு வார்த்தை.

ஏசுபாதம் அண்ணே, உங்கள் அப்பாவுக்கு அன்றைக்குச் சங்கு ஊதியதா என்று எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் அந்த இடம் உங்கள் அப்பாவுக்காகத் தொடங்கியதல்ல. அது ஓட்டைத் துருத்தியால் வந்தது. இதைச் சொல்லாமல் மறைக்க எனக்கு ஆசைதான்.

அது நிலைத்தது உங்களுக்காக. துருத்தி சரியாகிவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அறுப்பின் பண்டிகை வரை, ஒவ்வொரு தடவையும், கண்ணாடியில் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் கையை எடுக்கிறார். நீங்கள் கடைசி வரிசைக்குப் போன பிறகு கண்ணாடியில் தெரிவதில்லை என்றார். அதனால் இப்போதெல்லாம் உத்தேசமாக எடுக்கிறாராம்.

அந்த இடத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை விடுவதா, மூடுவதா? நான் சொல்ல மாட்டேன். டீச்சரும் சொல்ல மாட்டார். போதகர் அய்யாவும் உங்களைத்தான் கேட்கச் சொல்லிவிட்டார்.

(டீச்சர், இங்கே நிறுத்துங்கள். தாளை மடித்து வைத்துவிடுங்கள். அண்ணன் பேசட்டும்.)