கவிழ்த்து வைத்த தகரம்

…இல்லை, ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது, தனபாலன் சுண்டுவிரலை இன்னொரு தடவை கட்டிலின் நீலச் சாயத்தில் வைத்து எடுத்தான், விரல் சுத்தம், மணி இரண்டு, நாலுக்கு வேன் வந்துவிடும், பெண்டாட்டி கங்கா வந்துவிடுவாள், செம்பனைத் தோட்டத்தில் குலையோடு கால்வாயில் சறுக்கி விழுந்து ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள், உயிரோடு கிடைத்தாளே, அது போதாதா… இனிமேல் தரையில் பாய் கூடாது, கட்டில்தான், எழும்போது இரண்டு பாதமும் தரையில் பதியணும், தொங்கினால் இடுப்பு தாங்காது என்றார் டாக்டர், சரி, பலகைக்கு எங்கே போவது? அதற்கும் ஆள் இருந்தார், பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் சீனி முகம்மது பாய், பழைய மேசைகளையே தூக்கிக் கொடுத்துவிட்டார், ‘எடுத்துட்டுப் போங்க தம்பி, மசாலா வாசம் வந்தா தங்கச்சி என்னைத் திட்டக்கூடாது!’ இழைக்க இழைக்க மீன்கறி மணந்தது, மூன்று பூச்சு நீலத்துக்குப் பிறகும் மூக்கை வைத்தால் லேசாக… மெத்தையும் அவர் வீட்டதுதான், அந்த மனுசனுக்கு என்ன செய்து தீர்ப்பது?

பக்கத்து வீட்டு அம்சவள்ளி அக்கா மட்டும் சும்மாவா, ஒன்றரை மாதமாக இவனுக்குச் சோறு போட்டவள், இப்போதும் குழம்புச் சட்டியோடு வந்து, ‘அட, கல்யாணக் கட்டிலு!’ என்று மெத்தையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சிரிப்பை நிறுத்திக் கீழே பார்த்தாள், பாதம் இரண்டும் அந்தரத்தில். ‘என்னாய்யா, லோரில ஏறுன மாதிரி இருக்கு? யாரு முட்டிக்கு அளவு எடுத்த?’ என் முட்டிக்குத்தான், வேறு யார் முட்டிக்கு… ‘கங்கா என்னைவிடக் குட்டைலா! இதுலேருந்து இறங்குனா மறுபடியும் ஆஸ்பத்திரிதான்!’ மணி இரண்டேகால், வாள் இருக்கிறது, நாலு காலையும் அறுக்கலாம், எவ்வளவு அறுப்பது? அவள் முட்டி எந்த உயரம்? பதினோரு வருசம் கூடவே இருந்தவள், தோள் வரை வருவாளா, நெஞ்சு வரையா… இப்படி ஒரு கேள்விக்குப் பதில் தெரியாதவனும் புருசனா?

தகரம்! குசினியில் கவிழ்த்து வைத்திருக்கும் பெரிய பிஸ்கட் தகரம், அதில் உட்கார்ந்துதானே காய் நறுக்குவாள், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கும், கண்ணுக்குள் தெரிகிறது, ஓடினான், தூக்கி வந்து கட்டில் பக்கத்தில் வைத்தான், மெத்தையின் மேல்மட்டம் தகரத்தைவிட முக்கால் சாண் உயரத்தில் நின்றது, அக்கா மெத்தையை இழுத்தாள், கட்டிலைக் கவிழ்த்தார்கள், பென்சில் கோடு, வாள், ஒரு கால், இரண்டு, மூன்று, நீலத் தூள் பறந்தது, நாலாவது காலும் விழுந்தது, கட்டிலை நிமிர்த்தி மெத்தையைப் போட்டபோது மணி நாலாகப் போகிறது, அப்பாடா, தப்பித்தோம், அக்கா நீ நல்லா இருக்கணும்… ‘சரி சரி, தகரத்தைக் கொண்டு போய் வை, அது இல்லாட்டி அவளுக்கு வேலை ஓடாது’ என்றாள். தூக்கினான். தகரத்தின் மேல் இரண்டு பள்ளம், நீளவாட்டில், பக்கம் பக்கமாக. உட்கார்ந்தால் இப்படிப் பள்ளம் விழாதே… இது பாதம். குசினியில் அதன் இடத்தில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான், நேர் மேலே அலமாரி, கல்யாணமான புதிதில் இவனே அடித்தது, இவன் கைக்கு எட்டுகிற உயரத்தில், உப்பு, புளி, மிளகாய் எல்லாம் அதில்தான்… பதினோரு வருசமா இதன்மேல் ஏறி நின்றா எடுத்தாள்? ஒரு தடவைகூடச் சொல்லாமலா இருந்திருப்பாள்? வெளியே வேன் சத்தம், அக்கா கூப்பிடுகிறாள், இவன் கை இன்னும் அந்தப் பள்ளத்தின் மேலேயே… சொல்லியிருப்பாள். சொன்னபோது நான் என்ன பதில் சொன்னேன்?